வீட்டை ஒட்டி நின்ற இரண்டு மரங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

என் அக்கா வீட்டின் பின்புறம் இரண்டு பெரிய மரங்கள் நின்றன. ஒன்று தூங்குமூஞ்சி மரம், மற்றொன்று மகோகனி. இரண்டில் எது ஆபத்தானது என்று கேட்டால் வீட்டிலிருந்த அனைவரும் மகோகனியையே காட்டுவார்கள். அது நெடிது வளர்ந்தது. காற்றடித்தால் அதன் உச்சி கண்ணுக்குத் தெரிய ஆடும். அடிமரம் இரண்டாகப் பிரியும் கவையிலிருந்து இரவில் கிறீச்சென்று ஒலி கேட்கும். தூங்குமூஞ்சியோ குடை விரித்தாற்போல் தழைத்து, பழுத்த இலை ஒன்றுகூட இல்லாமல் பச்சைப்பசேலென்று நின்றது. முடிவில் வெட்டப்பட்டது தூங்குமூஞ்சி. இன்றும் நிற்பது மகோகனி. முதலில் வந்தவர் சொன்னபடி நடந்திருந்தால் இரண்டுமே போயிருக்கும். இரண்டாவதாக வந்தவர் சொன்னபடி நடந்திருந்தால், தவறான மரம் தவறான முறையில் வெட்டப்பட்டு, ஆபத்து அப்படியே இருந்திருக்கும். மரத்தை முதலில் பார்த்த நாளிலிருந்து தூரை அரைத்து முடித்த நாள் வரை நான் உடனிருந்தேன். ஒப்பந்தக் கடிதத்தை எழுதியவனும் நானே. அந்தக் கடிதத்தில் நான் செய்த ஒரு பிழையையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி இங்கே பதிவு செய்கிறேன்.

பின்னணி

தூங்குமூஞ்சி மரம் வீட்டின் பின்சுவரிலிருந்து 5 மீட்டர் தொலைவில் இருந்தது. தரையிலிருந்து நெஞ்சளவு உயரத்தில் அதன் சுற்றளவு 2.5 மீட்டர், அதாவது விட்டம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். உயரம் 18 மீட்டர். கிளைகள் கூரையின் பாதி வரை படர்ந்திருந்தன. மரம் வீட்டை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு எப்போது வந்தது என்பது எவர் நினைவிலும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கழிவுநீர்க் குழாய் பதிப்பதற்காக, மரத்துக்கு அப்பால், வீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில், அடிமரத்திலிருந்து 1.2 மீட்டர் தள்ளி 1 மீட்டர் ஆழத்தில் நீளமாகப் பள்ளம் தோண்டினார்கள். குறுக்கே வந்த வேர்களைக் கோடரியால் வெட்டி எறிந்து, குழாயைப் பதித்து, மண்ணை மூடிச் சென்றார்கள். அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை, மரமும் வாடவில்லை.

காற்றும் மழையுமாக இருந்த ஓர் இரவுக்கு மறுநாள், மரத்தின் அப்பால் பக்கத்தில் தரையில் பிறை வடிவில் ஒரு விரிசல் ஓடியிருந்ததை அக்கா கண்டார். கையிலிருந்த பென்சிலை அதில் விட்டுப் பார்த்தபோது அது முழுவதுமாக உள்ளே இறங்கியது. அதே பக்கத்தில், இரண்டு வேர்ப்புடைப்புகளுக்கு நடுவே, பழுப்பு நிறத்தில் தட்டுப்போன்ற மரக்காளான் ஒன்று வளர்ந்திருந்தது. மேற்பரப்பு மெருகிட்டது போல் பளபளத்தது. ஓரம் மட்டும் வெண்மையாக இருந்தது. அதை உடைத்து எறியப்போன மைத்துனரை அக்கா தடுத்து, கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். பின்னால் நடந்த அனைத்திலும் மிகவும் உதவிய செயல் இதுவே என்று நான் கருதுகிறேன். மரக்காளானை உடைத்தால் நோய் போகாது; நோயைக் காட்டும் அடையாளம்தான் போகும்.

பார்க்க வந்த மூவர்

முதலில் வந்தவர் பின்வாசற்படியில் நின்றபடியே இரண்டு மரங்களையும் அண்ணாந்து பார்த்து, இரண்டையும் எடுத்துவிடலாம் என்று சொல்லி, அங்கேயே ஒரு தொகையையும் சொன்னார். அடிமரத்தின் அருகே அவர் செல்லவில்லை. விரிசலை நாங்கள் காட்டியபோது, அதனால்தான் சீக்கிரம் வெட்ட வேண்டும் என்றும், அடுத்த நாளே ஆட்களோடு வருவதாகவும், முழுத் தொகையையும் முன்பணமாகத் தந்தால் விலை குறையும் என்றும் சொன்னார். அவசரப்படுத்துவதும் முழு முன்பணம் கேட்பதும் ஒருசேர வந்தால் அந்த ஆளை அனுப்பிவிடுவதே நல்லது. புயலுக்குப் பிறகு வீடு வீடாக வந்து கதவைத் தட்டுகிறவர்களிடம் இந்த இரண்டையும் பெரும்பாலும் சேர்ந்தே காணலாம்.

இரண்டாவதாக வந்தவர் மிகுந்த மரியாதையோடு பேசினார். அவர் பார்வை மகோகனியை விட்டு அகலவில்லை. அடிமரத்தைக் கையால் அணைத்து அளந்து பார்த்தார்; கவைக்குக் கீழே எத்தனை அடி நேராக இருக்கிறது என்று கணக்கிட்டார். பிறகு, மகோகனிதான் பெரிய ஆபத்து, அதைப் பணம் எதுவும் வாங்காமல் வெட்டித் தருகிறேன், கட்டையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். தூங்குமூஞ்சியைப் பற்றிக் கேட்டதற்கு, மேலே உள்ள கிளைகளைக் கழித்துவிட்டால் போதும் என்றார். குடும்பத்தில் பலருக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. ஏற்கெனவே அஞ்சிய மரம் செலவில்லாமல் போகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் வைரம் பாய்ந்த மகோகனிக் கட்டைக்கு விலை உண்டு. உள்ளே அழுகிய தூங்குமூஞ்சிக் கட்டைக்கு விலை இல்லை. எது ஆபத்தான மரம் என்பதைக் கட்டையின் விலையே முடிவு செய்துவிட்டது. அவர் பொய் சொன்னார் என்று நான் கூறமாட்டேன். ஒரு மரம் விழுமா விழாதா என்ற கேள்விக்கு, அது வெட்டப்பட்டால் ஆதாயம் பெறுகிறவரிடம் மட்டும் விடை கேட்பது முறையல்ல என்பதே என் வாதம். இந்த நிகழ்வு முழுவதிலும் எனக்கு உறுதிப்பட்டதும் இதுதான்.

ஆகவே மூன்றாவதாக, மரம் வெட்டும் தொழில் செய்யாத, மரங்களைச் சோதித்து அறிக்கை தருவதை மட்டும் தொழிலாகக் கொண்ட ஒருவரைத் தனியாகக் கட்டணம் கொடுத்து வரவழைத்தோம். இத்துறையில் பயிற்சி பெற்றவர்களை ஆர்போரிஸ்ட் என்பார்கள். 1924இல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்போரிகல்ச்சர் என்ற அமைப்பு தேர்வு வைத்து இவர்களுக்குச் சான்றிதழ் அளிக்கிறது. அதை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மரத்தால் விளையக்கூடிய ஆபத்தை மதிப்பிடுவதற்கென்று தனித் தகுதியும் உண்டு. வந்தவரிடம் இரண்டும் இருந்தன, இரண்டும் காலாவதியாகவில்லை என்பதையும் சரிபார்த்துக்கொண்டோம்.

ஆய்வாளர் கண்டது

அவர் முதல் கால் மணி நேரம் மரத்தைத் தொடவே இல்லை. சுற்றிச் சுற்றி நடந்தார், தரையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, இங்கே எப்போதாவது மண்ணைத் தோண்டினீர்களா என்பதுதான். முந்தைய இருவரும் கேட்காத கேள்வி அது. பள்ளம் தோண்டிய இடத்தைக் காட்டியதும் நாடாவைப் பிடித்து அளந்து, 1.2 மீட்டர் என்று எழுதிக்கொண்டு, நெடுநேரம் பேசாமல் நின்றார்.

அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. ஆணிவேர் ஆழமாக இறங்கி மரத்தைத் தாங்குகிறது என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால் வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி தரையின் மேலடுக்கில், பெரும்பாலும் 60 சென்டிமீட்டருக்குள்ளேயே, கிளைகளின் பரப்பையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. கட்டுமானப் பணிகளின்போது மரங்களைக் காப்பதற்கான பிரிட்டிஷ் தரநிலை 5837, அடிமர விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்துக்குள் வேர்களைக் குலைக்கக் கூடாது என்கிறது. 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள இந்த மரத்துக்கு அந்த வட்டம் 9.6 மீட்டர். பள்ளம் தோண்டப்பட்டதோ 1.2 மீட்டரில். அதுவும் சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில். கூடாரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைப் போல, சாய்ந்த மரத்தை இழுத்துப் பிடிப்பவை அந்தப் பக்கத்து வேர்களே. தரையில் தெரிந்த பிறை வடிவ விரிசல், வேர்த்தட்டு (வேர்களும் அவை பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்த அடித்தட்டு) அந்தப் பக்கத்தில் மேலெழத் தொடங்கிவிட்டதன் தடயம்.

சாய்வைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். சிறு வயதிலேயே சாய்ந்த மரம் ஒளியை நோக்கித் தன்னை நிமிர்த்திக்கொள்ளும்; அதனால் அதன் அடி சாய்ந்தும் மேற்பகுதி வளைந்து நிமிர்ந்தும் இருக்கும். அத்தகைய மரம் தன் சாய்வுக்கேற்ப வேர்களையும் கட்டையையும் வலுப்படுத்திக்கொண்டிருப்பதால் பல காலம் நிற்கக்கூடும். அடி முதல் நுனி வரை வளைவின்றி ஒரே கோடாகச் சாய்ந்திருக்கும் மரம் அண்மையில் சாய்ந்தது. எங்கள் மரத்தில் இருந்தது இந்த இரண்டாவது வகைச் சாய்வு.

பிறகு மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டத் தொடங்கினார். வீட்டுப் பக்கம் தட்டியபோது கணீரென்று கேட்ட ஒலி, காளான் இருந்த பக்கத்துக்கு வந்ததும் பொத்தென்று அடங்கியது. என் கையில் சுத்தியலைக் கொடுத்துத் தட்டச் சொன்னார்; எந்தப் பயிற்சியும் இல்லாத எனக்கும் வேறுபாடு தெளிவாகக் கேட்டது. காளானுக்கு மேலே இருந்த இடுக்கில் மெல்லிய இரும்புக் கம்பியை நுழைத்தார். எந்த எதிர்ப்பும் இல்லாமல் அது 35 சென்டிமீட்டர் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரமான வெளிறிய நார் ஒட்டிக்கொண்டு வந்தது. காளானை அவர் கனோடெர்மா வகை என்று அடையாளம் காட்டினார். வேரையும் தூரையும் அழுகச் செய்யும் இந்த வகை, கட்டைக்கு விறைப்பைத் தரும் லிக்னினைச் சிதைத்துவிடுவதால் எஞ்சுவது மெத்தென்ற நாராகிவிடுகிறது.

அப்படியானால் மரம் எப்படி இவ்வளவு பசுமையாக இருக்கிறது என்று அக்கா கேட்டார். அவர் சொன்ன விளக்கத்தை நான் இன்றும் பலரிடம் எடுத்துச் சொல்கிறேன். இலைகளுக்கு நீர் கொண்டுசெல்வது பட்டைக்கு அடியிலுள்ள வெளிப்புற வெளிறுக் கட்டை. இலைகள் செய்த உணவைக் கீழே கொண்டுவருவது பட்டையின் உட்பகுதி. நடுக்கட்டை முழுவதும் அழுகினாலும் இந்த வெளி அடுக்கு இருக்கும்வரை இலைகள் வாடுவதில்லை. நிற்பதற்கு வேண்டியது வேறு, தழைப்பதற்கு வேண்டியது வேறு. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து ஆராய்ந்து, மரம் தன் காயத்தை மனித உடலைப் போல ஆற்றிக்கொள்வதில்லை, காயத்தைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி அழுகலை உள்ளேயே அடைத்துவைக்க முயல்கிறது என்று 1977இல் விளக்கினார். தடுப்பு வென்றால் மரம் பல்லாண்டு வாழும். பள்ளம் வெட்டியபோது வேர்களில் விழுந்த அத்தனை பெரிய காயங்களுக்கு எதிராக இந்த மரத்தின் தடுப்பு தோற்றுவிட்டது.

இறுதியாக, மெல்லிய துளையிடும் கருவியால் நான்கு இடங்களில் சோதித்தார். ஊசி கட்டைக்குள் செல்லும்போது சந்திக்கும் எதிர்ப்பைக் கருவி கோடாக வரைந்து தரும். மூன்று இடங்களில் உறுதியான கட்டை வெளியிலிருந்து 6 முதல் 9 சென்டிமீட்டர் வரை மட்டுமே இருந்தது. ஓரிடத்தில் கோடு தொடக்கத்திலேயே சரிந்தது. உறுதியான சுவரின் தடிமன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் முறிவு நேரும் வாய்ப்பு கூடுகிறது என்பது ஜெர்மானிய ஆய்வாளர் கிளவுஸ் மத்தெக் முன்வைத்த அளவுகோல். இந்த மரத்துக்கு அது 13 சென்டிமீட்டர். அந்த அளவுகோலை மட்டும் வைத்து எந்த மரத்தையும் வெட்டச் சொல்லமாட்டேன் என்று அவர் அழுத்திச் சொன்னார். பொந்து விழுந்தும் நூறாண்டு நிற்கும் மரங்கள் உண்டு. வேர் அறுபட்டதும், மண் விரிந்ததும், சாய்வு புதிதாக இருப்பதும், விழும் திசையில் மக்கள் உறங்கும் அறைகள் இருப்பதும் ஒன்றுசேர்ந்ததால்தான் அகற்ற வேண்டும் என்று எழுதுகிறேன் என்றார். காற்றின் வேகம் இரட்டித்தால் மரத்தின் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். இதுவரை பல காற்றுகளைத் தாங்கிவிட்டது என்பது அடுத்த காற்றுக்கு உத்தரவாதம் ஆகாது.

இரண்டாவது ஆள் சொன்னபடி மேல்கிளைகளை மட்டும் மொட்டையடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டோம். காற்று பிடிக்கும் பரப்பு சிறிது காலம் குறையும். ஆனால் வெட்டுவாய்களிலிருந்து புதுக்கிளைகள் புதராகக் கிளம்பும். அவை கட்டைக்குள் ஊன்றாமல் மேலோட்டமாகவே ஒட்டியிருப்பதால் பருத்தபின் எளிதில் பிய்ந்துவிழும். வேரின் அழுகலோ அப்படியே தொடரும்.

அகற்றுவதற்கு முன்

அறிக்கை கையில் கிடைத்த அன்றே, மரம் சாய்ந்திருந்த திசையில் இருந்த இரண்டு படுக்கையறைகளைக் காலி செய்து குடும்பம் முன்பக்கத்துக்கு மாறியது. பின்முற்றத்தில் யாரும் நடமாடாதபடி கயிறு கட்டினோம். செலவில்லாத இந்த இரண்டு செயல்கள், ஆளைத் தேர்ந்தெடுக்க நிதானமாக நாட்கள் எடுத்துக்கொள்ளும் துணிவைத் தந்தன. அச்சத்தில் இருப்பவரால் விசாரிக்க முடியாது.

மரத்தை வெட்ட உள்ளாட்சியின் அனுமதி தேவைப்படும் இடங்கள் பல உண்டு. சொந்த மனையில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டினால் அபராதம் விதிக்கப்படலாம், சில இடங்களில் அது உரிமையாளர் மீதே விழும். படங்களோடும் அளவுகளோடும் இருந்த அறிக்கையை விண்ணப்பத்துடன் இணைத்ததால் அனுமதி தடையின்றி வந்தது. கிளைகளில் பறவைக் கூடுகள் இல்லை என்பதை ஆய்வாளரே பார்த்து எழுதியிருந்தார். மண்ணின் தன்மையையும் அவர் கேட்டறிந்தார்: நீரை உறிஞ்சி உப்பும் களிமண்ணாக இருந்தால், பெரிய மரம் போனபின் அது குடித்துவந்த நீர் மண்ணிலேயே தங்கி, தரை மேலெழும்பி அடித்தளத்தில் விரிசல் விடக்கூடும். எங்களுடையது மணல் கலந்த மண் என்பதால் அந்தக் கவலை இல்லை. களிமண் நிலத்தில் வீடு உள்ளவர்கள் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் பெரிய மரத்தை அகற்றக் கூடாது.

ஆளைத் தேர்ந்தெடுத்தது

ஆய்வாளர் எந்தக் குழுவையும் பரிந்துரைக்க மறுத்துவிட்டார். அவர் மீது எனக்கிருந்த மதிப்பு அதனால் கூடியது. கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் சொன்னார். அவற்றில் ஒன்று: நிற்கப்போகும் மரத்தில் முள்காலணி அணிந்து ஏறுவீர்களா? முள்காலணி ஒவ்வொரு அடியிலும் பட்டையைக் குத்திக் காயப்படுத்துகிறது. அகற்றப்போகும் மரத்தில் அது இருக்கலாம். கிளை கழிக்க மட்டும் ஏறும் மரத்தில் கூடாது. இந்த ஒரு கேள்வியிலேயே நாங்கள் பேசிய நான்கு குழுக்களில் ஒன்று கழன்றுகொண்டது.

காப்பீடு பற்றிக் கேட்டபோது இன்னொன்றும் கழன்றது. அந்தக் குழுவினர் காட்டிய சான்று பார்வைக்கு முறையாகவே இருந்தது. காப்பீட்டு நிறுவனத்தையே தொடர்புகொண்டு கேட்டபோது, அந்தப் பாலிசி தோட்டப் பராமரிப்புக்கு மட்டுமே உரியது, உயரத்தில் செய்யும் வேலை அதில் சேராது என்ற விடை வந்தது. இங்கே இரண்டு காப்பீடுகள் வேண்டும்: பிறர் உடைமைக்கு நேரும் சேதத்துக்கு ஒன்று, வேலையாட்களுக்கு நேரும் காயத்துக்கு ஒன்று. இரண்டாவது இல்லாவிட்டால், மரத்திலிருந்து விழுந்த தொழிலாளியின் குடும்பம் ஆதரவின்றி நிற்கும், பொறுப்பும் வீட்டுக்காரரை நோக்கித் திரும்பக்கூடும். தாளை வாங்கிப் பார்ப்பது போதாது, அது தந்த இடத்தில் கேட்க வேண்டும்.

மீதமிருந்த இரண்டு குழுக்களில் ஒன்றின் தலைவர் மரத்தைச் சுற்றி வந்து, அறிக்கையை வாங்கிப் படித்து, தூரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இந்த மரத்துல என் ஆளை ஏத்த மாட்டேன்” என்று அக்காவிடம் சொன்னார். அந்த நொடியிலேயே நாங்கள் முடிவு செய்துவிட்டோம். மற்றொரு குழு ஏறியே வெட்டுவதாகவும் குறைந்த தொகைக்கு முடித்துத் தருவதாகவும் சொல்லியிருந்தது. ஏறி வெட்டும்போது கிளைகளைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். வெட்டிய துண்டு கயிற்றில் தடுக்கப்படும்போது மேலே கட்டிய கப்பியின் மீது துண்டின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை விழும், துண்டு சிறிது தூரம் விழுந்த பின் தடுக்கப்பட்டால் அது பல மடங்காகும். அந்த விசை முழுவதையும் தாங்க வேண்டியது அழுகிய தூர். வேலையாள் கட்டப்பட்டிருப்பதும் அதே மரத்தில்தான்.

ஒரே வெட்டில் சாய்ப்பதும் இயலாது. மரத்தைச் சாய்க்கும்போது விழ வேண்டிய பக்கத்தில் வாய் திறந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வந்து, நடுவில் வெட்டாமல் ஒரு கட்டைக் கீற்றை விட்டுவைப்பார்கள். கதவுக்குக் கீல் போல மரத்தைத் திசை மாறாமல் இறக்குவது அந்தக் கீற்றுதான். நாராகிப்போன கட்டையில் அந்தக் கீல் பிடிக்காது, மரம் தன் சாய்வின்படி வீட்டின் மேலேயே வரும். ஆகவே கிரேனும், ஆள் நிற்கும் கூடையுள்ள பூம் லிஃப்ட்டும் கொண்டு, மரத்தின் மீது எந்தச் சுமையும் ஏற்றாமல் துண்டு துண்டாக எடுப்பது என்று முடிவானது. செலவு கூடியது. அது நியாயமான செலவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒப்பந்தத்தில் வேலையின் எல்லை, முறை, கருவிகள், கிளைகளையும் கட்டைகளையும் யார் எடுத்துச்செல்வது, கூரைக்கோ குழாய்க்கோ சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு, பணத்தை எந்தெந்தக் கட்டத்தில் கொடுப்பது ஆகிய அனைத்தையும் எழுதினேன். தூரைப் பற்றி மட்டும் “தூர் அகற்றப்படும்” என்று ஒரே வரியில் விட்டுவிட்டேன். அந்தப் பிழையின் விளைவைப் பின்னர் சொல்கிறேன்.

வெட்டிய நாள்

வீட்டுக்கு வரும் மின்கம்பி கிளைகளுக்கு இடையே சென்றதால், மின்வாரிய ஊழியர்கள் காலையிலேயே வந்து அதைத் துண்டித்தார்கள். பயிற்சியற்றவர்கள் மின்கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஈரமான கிளையும் மின்சாரத்தைக் கடத்தும். கிரேனை நிறுத்துவதற்கு முன் அதன் கால்கள் ஊன்றும் இடங்களில் அடியில் தொட்டியோ குழாயோ உண்டா என்று குழுத்தலைவர் கேட்டு, தரையில் சுண்ணாம்பால் கோடிட்டு, தடித்த பலகைகளை அடுக்கச் செய்தார்.

வேலையாட்கள் அனைவரும் தலைக்கவசமும் காதுமூடியும் அணிந்திருந்தார்கள். செயின் சா பிடித்தவர்களின் காற்சட்டைக்குள் நீண்ட இழைகள் அடுக்கப்பட்டிருந்தன. சங்கிலி துணியைக் கிழித்தால் அந்த இழைகள் பல்சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்திவிடும். முதலில் எங்களிடம் வந்தவர் ரப்பர் செருப்போடு வந்திருந்தது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

கூரைக்கு மேலிருந்த கிளைகள் முதலில் போயின. ஒவ்வொரு துண்டையும் அறுப்பதற்கு முன் கிரேனின் தூக்குவாரை அதில் கட்டி, கயிறு இறுகும்வரை மெல்ல இழுத்து, கூடையில் இருந்தவர் அறுத்துமுடித்து விலகிய பிறகே தூக்கினார்கள். கையசைத்துக் குறிப்புக் கொடுத்தவர் ஒருவர் மட்டுமே. வேறு யாரும் கிரேன் ஓட்டுநரிடம் பேசவில்லை. அடிமரத்துக்கு வந்தபோது, 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒன்றரை மீட்டர்த் துண்டின் எடையைத் தலைவர் என் கண்ணெதிரே தாளில் கணக்கிட்டார். பச்சை மரம் ஏறக்குறைய நீரின் எடைக்கு நிகர் என்று வைத்துக்கொண்டால் அது கிட்டத்தட்ட 580 கிலோ. கிரேனின் கை நீள நீள அது தூக்கக்கூடிய எடை குறையும் என்பதால், அந்தத் தொலைவுக்குரிய அட்டவணையைப் பார்த்து, நீளத்தை ஒரு மீட்டராகக் குறைத்தார். பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் வீண் தாமதமாகத் தோன்றலாம். பிற்பகல் முழுவதும் ஒரு கட்டைகூடத் தரையில் விழுந்து அதிரவில்லை. கூரையில் ஓர் ஓடுகூட உடையவில்லை.

கடைசித் துண்டை எடுத்தபின் தூரின் வெட்டுமுகத்தைக் குனிந்து பார்த்தேன். வெளியே நான்கு விரற்கடை அகலத்துக்கு மஞ்சள் கலந்த உறுதியான கட்டை. அதற்குள் கரிய கோடு. அதற்கும் உள்ளே நனைந்த பஞ்சு போன்ற வெளிறிய நார், கையால் அள்ளக்கூடியதாக இருந்தது. காளான் இருந்த பக்கத்தில் வெளி வளையமே இல்லை. துளைக்கருவி காட்டியது ஏறக்குறைய முழுவதும் சரியாக இருந்தது. வீட்டுப் பக்கத்தில் மட்டும் அது காட்டியதைவிட உறுதியான கட்டை அதிகமாக இருந்தது. நான்கு ஊசித்துளைகள் ஒரு மரத்தின் முழு உண்மையையும் சொல்லிவிடா. ஆனால் அப்பால் பக்கத்து வேர்களில் ஒன்றைக் கடப்பாரையால் நெம்பியபோது, அது ஈர ரொட்டி போல் பிய்ந்து வந்தது.

தூர் அரைக்கும் இயந்திரம் மறுநாள் வந்தது. தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை அரைத்து, தூளை அங்கேயே நிரப்பிவிட்டு வேலை முடிந்தது என்றார்கள். அந்த இடத்தில் தளம் போட நினைத்திருந்த மைத்துனர் இரண்டடி ஆழம் வேண்டும் என்றார். தூரை அகற்றுவது என்றால் என்ன ஆழம் என்று நான் எழுதவில்லை. அவர்கள் செய்தது வழக்கமான அளவுக்கு உட்பட்டதே. நாங்கள் கூடுதல் தொகை கொடுத்தே மேலும் அரைக்கச் சொன்னோம். கழிவுநீர்க் குழாய் அருகிலிருந்ததால் அந்தப் பக்கத்தில் இயந்திரத்தை இறக்க அவர்கள் மறுத்து, கையால் தோண்டினார்கள். ஆழத்தையும், தூளை எடுத்துச்செல்ல வேண்டுமா என்பதையும், தரைக்கடியில் செல்லும் குழாய்களின் இடத்தையும் எழுதியிருந்தால் அந்த மாலைநேரச் சச்சரவே எழுந்திருக்காது.

மகோகனி

கிறீச்சென்ற ஒலிக்குக் காரணம் கவைதான். இரண்டு சம அளவுக் கிளைகள் நெருக்கமாக மேலெழும் இடத்தில் பட்டை உள்ளே மடிந்து மாட்டிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட கவையில் கட்டையோடு கட்டை இணைவதில்லை, பட்டையோடு பட்டை உரசும். அது குறைபாடு என்பதை ஆய்வாளர் மறைக்கவில்லை. ஆனால் கவைக்குக் கீழே கட்டை உறுதியாக இருந்தது, வேர்களைப் பள்ளம் தொடவில்லை, விரிசல் எதுவும் திறக்கவில்லை. அவரது கவலை வேறொன்று: தூங்குமூஞ்சி போனபின், இதுவரை அதன் மறைவில் நின்ற மகோகனி முதன்முறையாக நேர்க்காற்றை வாங்கும். எனவே உச்சியை மொட்டையடிக்காமல், கிளைகளின் நுனிகளைப் பக்கக்கிளை பிரியும் இடங்கள் வரை மட்டும் குறைத்து, கவையிலிருந்து நுனி வரையிலான உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் இரு கிளைகளையும் கம்பிவடத்தால் இணைக்கச் சொன்னார். அதே குழு, முள்காலணி இல்லாமல் கயிற்றில் ஏறி, ஒரே நாளில் அதைச் செய்துமுடித்தது.

மைத்துனருக்கு இதில் இன்னும் முழு உடன்பாடு இல்லை. கம்பிவடம் கட்டியதால் மரம் ஆண்டுதோறும் பார்க்கப்பட வேண்டிய ஒன்றாகிவிட்டது, வெட்டியிருந்தால் ஒரே செலவோடு முடிந்திருக்கும் என்கிறார். கணக்கு என்ற அளவில் அவர் சொல்வது தவறல்ல. ஆனால் உறுதியான தூரும் வேரும் உள்ள மரத்தை, அது எழுப்பும் ஒலிக்கு அஞ்சி வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அக்காவும் என் பக்கம் நின்றார்.

கவையின் இருபுறமும் ஆய்வாளர் இரண்டு சிறு ஊசிகளை அடித்து, அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை எழுதிவைத்தார்: 412 மில்லிமீட்டர். ஓராண்டுக்குப் பின், இரண்டு பெருங்காற்றுகளைக் கண்ட பிறகு, அதே நாடாவால் மீண்டும் அளந்தார். 412 மில்லிமீட்டர்தான். வடத்தின் இறுக்கத்தைச் சரிபார்த்துவிட்டு, அடுத்த அளவுக்கான தேதியை அக்காவின் நாட்காட்டியில் அவரே குறித்துச் சென்றார்.